காலை 7.50 டவுன் பஸ் கண்டக்டருக்கும் மற்றவர்களுக்கும்

ஆடி தொடங்கி ஐப்பசி வரை எங்கள் வீட்டில் நடந்தது தெருவுக்கே தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. பள்ளிக்குப் போகவே பயந்திருந்த மகள் இப்போது மூன்று வாரமாகப் போய்வருகிறாள். கைநடுக்கம் இன்னும் எனக்குத்தான் நிற்கவில்லை.

முதலில் உங்களுக்கு, கண்டக்டர் தம்பி. உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. எனக்குக் கட்டணமில்லாச் சீட்டு, அவளுக்கு இலவச பாஸ். எங்களால் உங்கள் பையில் ஒரு ரூபாய் விழுந்ததில்லை.

பயத்தைப் படிப்படியாகப் பழக்க வேண்டும் என்றார் ஆலோசகர். முதலில் இரண்டு நிறுத்தம் போய் இறங்கிவிடுவது, பிறகு பள்ளி வாசல்வரை, பிறகு முதல் பீரியட் மட்டும். கேட்க எளிது. நெஞ்சு படபடக்க அவள் கம்பியைப் பிடித்து நிற்கையில், "இறங்குவாயா மாட்டாயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் அன்றைய படி சரிந்துவிடும்.

ஐந்தாம் நாள் பள்ளி நிறுத்தத்தில் அப்படித்தான் உறைந்து நின்றாள். நீங்கள் விசில் ஊதவில்லை. "பாப்பா, இருபத்தைந்து நிமிடத்தில் இதே வண்டி எதிர்ப்பக்கம் திரும்பி வரும். முடியவில்லை என்றால் ஏறிக்கொள். நான் பார்த்துக்கொண்டே வருகிறேன்" என்றீர்கள். இறங்கிவிட்டாள். சொன்னபடியே பஸ் வந்தது. படியில் நின்று எட்டிப் பார்த்தீர்கள். அன்று அவள் ஏறவில்லை. மறுநாள் ஏறினாள். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை பாருங்கள், அதற்குத்தான் இந்த மடலில் பாதி.

திரும்பி வரும் பஸ்ஸை நம்பியே இருந்துவிடக் கூடாது, அதையும் மெல்ல விட வேண்டும் என்று ஆலோசகர் எச்சரித்தார். சரிதான். ஆனால் விடுவதற்கு முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டுமே!

பெற்றவள் நான் என்ன செய்தேன்? காலை வயிற்றுவலியை நடிப்பு என்று திட்டினேன். பதற்றம் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியாகவும் வரும் என்று அப்போது தெரியாது. திட்டி ஓய்ந்த நாட்களில் வீட்டிலேயே இருக்கவிட்டேன். அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பள்ளி இன்னும் தூரமாகிவிடும். இனி "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று அவளிடம் சொல்வதில்லை என முடிவெடுத்திருக்கிறேன். அவளுக்கு அது ஒன்றுமில்லாதது அல்ல.

நள்ளிரவில் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசி, மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடச் சொல்லி முதலில் என்னை அமைதிப்படுத்திய பெண்ணுக்கும், வருகைப் பதிவைப் பற்றி வாயே திறக்காத வகுப்பாசிரியைக்கும், நோட்டுகளை எழுதிக் கொடுத்த தோழிகளுக்கும், வாசலில் பார்த்தும் "பள்ளி இல்லையா?" என்று கேட்காத கீழ்வீட்டு அக்காவுக்கும் நன்றி. திருநீறு மந்திரித்துத் தந்தவர்களே, உங்களுக்கும்தான். அன்போடுதானே தந்தீர்கள்.

தம்பி, நேற்று தோழியோடு பேசிக்கொண்டே இறங்கியவள் உங்களுக்குக் கைகாட்ட மறந்துவிட்டாள். தவறாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.