வெப்ப அலைத் திட்டத்தில் வன்முறைத் தடுப்புக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்த தமிழ்நாடு அரசு, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் தண்ணீர்ப் பந்தல், உப்பு-சர்க்கரைக் கரைசல், மருத்துவமனைப் படுக்கை என்று பேசும் நாம், வெயில் ஏறும்போது நகரங்களில் அடிதடியும் ஏறுகிறது என்பதைப் பேசுவதே இல்லை.

இது வெறும் ஊகமன்று. ஆளைத் தாக்கும் குற்றங்கள் கோடையிலும், உடைமை மீதான குற்றங்கள் குளிர்காலத்திலும் கூடுவதை, பிரான்சின் வழக்குப் பதிவுகளைக் கொண்டு பெல்ஜியப் புள்ளியியல் அறிஞர் அடோல்ஃப் கெட்லே 1830களிலேயே காட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வு, பகல் வெப்பம் 29.4 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாள்களில் வன்முறைக் குற்றங்கள் 5.7 சதவீதம் கூடியிருந்ததையும், ஏழைகள் வாழும் பகுதிகளில் இந்தத் தாக்கம் மேலும் கடுமையாக இருந்ததையும் பதிவு செய்தது. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் நாடுகளின் 1.94 லட்சம் பெண்களிடம் திரட்டிய தகவல்களை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஆண்டுச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கணவனால் நேரும் வன்முறை ஏறத்தாழ 4.5 சதவீதம் கூடுவதாகக் கண்டது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பகலெல்லாம் காய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சுவரும் நள்ளிரவு கடந்தும் அனலை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுழற்றும். எங்கள் பகுதியில் ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கோ மொட்டை மாடிக்கோ போய்விடுகிறார்கள். பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. தூக்கம் கெட்ட இரவுகள், வெயிலால் போன நாள்கூலி, அதன்மேல் குடி என்று எல்லாம் சேரும்போது, ஒரு குடம் தண்ணீருக்காகத் தொடங்கும் வாய்ச்சண்டை கைகலப்பில் முடிகிறது.

அடித்தவனுக்கு வெயில் ஒரு சாக்காகிவிடக் கூடாது. அதே வெக்கையில்தான் அவன் மனைவியும் அடுப்படியில் நிற்கிறாள்; அவள் யார் மீதும் கை ஓங்குவதில்லை. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். ஆனால் ஆபத்து எப்போது, எங்கே கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமென்றால், அடி விழுந்த பிறகு வழக்குப் பதிவதோடு அரசு நின்றுவிடலாமா?

சென்னைக் காவல் நிலையங்களுக்கு வரும் அடிதடி, குடும்ப வன்முறைப் புகார்களின் நாளையும் நேரத்தையும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலைப் பதிவுகளோடு, குறிப்பாக இரவு வெப்பத்தோடு, ஒப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெப்ப அலை எச்சரிக்கை வரும் நாள்களில் 181 மகளிர் உதவி எண்ணில் இரவுப் பணிக்குக் கூடுதல் ஆள்களை அமர்த்த வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளின் மொட்டை மாடிகளுக்கு வெப்பத் தடுப்பு வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையை, அடுத்த கத்திரி தொடங்குவதற்குள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களிலாவது முடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை.