‘டே’ என்றால் திட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஜாவா பயணக் கட்டுரை படித்தேன். எரிமலை, ரயில், சாப்பாடு எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: ‘இந்தோனேசிய மொழியில் இலக்கணத் தொல்லையே கிடையாது, வாக்கியக் கடைசியில் இழுக்கும் சி, டோங், டே, கோக் எல்லாம் வெறும் ஒட்டு, காதில் வாங்காமல் விட்டுவிடலாம்.’ கட்டுரையாளர் காதில் வாங்கவில்லை என்பது நன்றாகவே தெரிகிறது. அச்சுக்குப் போகும் முன் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் வாங்கியிருக்கலாம்.

மேற்கு ஜாவாவில் பூர்வகர்த்தா பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். நம் ஊர் ஆட்கள் அங்கே மில் வேலைக்குப் போவது உங்களுக்குத் தெரியாததல்ல. புதிதாக வரும் பையன்கள் முதல் வாரமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். “என்ன சார், என்னைப் பார்த்து டேங்கிறான்!” ஃபிட்டர் ‘யா சுடா டே, பாக்’ என்று சொல்லியிருப்பான். ‘பாக்’ என்றால் நம் ‘சார்’. ‘சரிங்க, அப்படியே வச்சுக்குவோம்’ என்று விட்டுக்கொடுக்கிற ‘டே’ அது. ‘அப்பா சி?’ என்றால் யாரும் உங்கள் அப்பாவைச் சீ என்று சொல்லிவிடவில்லை, ‘என்னதான் விஷயம்?’ என்று கேட்கிறார்கள். அந்தச் ‘சி’யை எடுத்துவிட்டால் ‘என்ன?’ என்று மொட்டையாக நிற்கும்.

‘கோக்’ கதையைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவிலிருந்து வந்த புது மேலாளர் ஒருவர், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தின் அருகே நின்று, ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விட்டாயிற்றா என்று ஃபிட்டரிடம் கேட்டார். அவன் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே, “சுடா கோக், பாக்” என்றான். கடைசி ‘க்’ தொண்டையிலேயே நின்றுவிடும், அதனால் வெடுக்கென்று சொன்ன மாதிரி கேட்கும். எதிர்த்துப் பேசுகிறான் என்று மேலாளர் மெமோ வரைக்கும் போய்விட்டார். பாவம், அவன் சொன்னது இவ்வளவுதான்: ‘விட்டாச்சு சார், விடலையோன்னு நீங்க நினைக்க வேண்டாம்.’ கேட்பவர் மனதில் வேறு எண்ணம் இருப்பதைக் கண்டுகொண்டு அதைத் தணிப்பதற்குத்தான் கடைசியில் ‘கோக்’ வரும். அதையே முன்னால் கொண்டுவந்து ‘கோக் தெர்லம்பாட்?’ என்றால் ‘என்ன, இவ்வளவு லேட்டு?’ என்று ஆச்சரியப்படுகிறார்கள். இடம் மாறினால் வேலை மாறுகிறது. இது இலக்கணம் இல்லையாம்.

அப்புறம் ‘கான்’. ‘புக்கான்’ என்றால் ‘அல்ல’. அதிலிருந்து தேய்ந்து வந்த சொல் இது. ‘கான் சுடா சாயா பிலாங்’ என்றால் ‘நான்தான் சொன்னேன்ல’. நாமும் ‘இல்லை’யைத் தேய்த்துத்தானே ‘சொன்னேன்ல’, ‘வந்தான்ல’ என்கிறோம்? டீயை நீட்டும் பையன் ‘நி, பாக்’ என்பான். ‘இனி’ என்றால் ‘இது’, அதன் சுருக்கம். நம் ‘இந்தாங்க’ செய்கிற வேலையை அது அங்கே செய்கிறது. ஏகாரம் ஒன்றுக்கே தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று தொல்காப்பியம் ஐந்து வேலை சொல்லி, இடைச்சொல்லுக்குத் தனி இயலே வைத்திருக்கிறது. அந்த மொழியில் எழுதும் ஒருவர் பக்கத்துக் கடலைத் தாண்டியதும் ‘வெறும் ஒட்டு’ என்கிறார்!

பெயர்ப்பலகையிலும் பத்திரிகைச் செய்தியிலும் இவை வராது என்பது உண்மைதான். 1998 மே மாதம் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ பதவி விலகுவதாகத் தொலைக்காட்சியில் வாசித்தபோது கேன்டீனில் நின்று பார்த்தேன். முழுக்க முழுக்க மேடை மொழி, ஒரு ‘சி’ இல்லை, ‘டோங்’ இல்லை. பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு “பெனெரான் நி?” என்றார். ‘நிஜமாவா இது!’ முப்பது வருடத்துக்கு மேல் ஆண்ட மனிதர் இறங்குகிறார், ஊர் அதை வாங்கிக்கொண்ட விதம் அந்த ‘நி’யில்தான் இருந்தது. அங்கே பெரிய அகராதி 1988-லேயே வந்துவிட்டது. இவற்றுக்குப் பேச்சு வழக்கு என்று குறிப்புப் போட்டு அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். போதாதற்கு மேற்கு ஜாவாவின் சொந்த மொழிக்காரர்களான சுந்தானியர் ‘மா’, ‘அதூ’ என்று தங்கள் பங்குக்குச் சேர்ப்பார்கள். எங்கள் மில்லில் பாதிப் பேச்சு அதில்தான் ஓடும். கட்டுரையாளர் போன வழியில் அந்தச் சனங்களே இல்லை போலிருக்கிறது.

உங்களிடம் எனக்கு இது முதல் மனக்குறை அல்ல. முன்பு ஒரு இதழில் போரோபுதூர் படத்தைப் போட்டு, கீழே ‘பாலி கோயில்’ என்று அச்சிட்டீர்கள். நடு ஜாவாவில் இருக்கும் பௌத்தச் சின்னம் அது. அப்போதே எழுதினேன், போடவில்லை. இந்தோனேசியா என்றாலே பாலி என்று வாசகனுக்குப் பழக்கியது போதாதா? ஃபிரெஞ்சு மொழி பற்றி எழுதினால் நான்கு பேரிடம் கேட்டுத் திருத்துகிறீர்கள். அது மட்டும் மரியாதைப்பட்ட மொழியா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுரையோடு ‘பயணிகளுக்கான வாக்கியங்கள்’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். அதில் பேரம் பேச ‘துருன்கான் ஹர்கான்யா!’ என்று இருக்கிறது. சந்தையில் காய்கறிக்கார அம்மாளிடம் இப்படிச் சொன்னால் ‘விலையைக் குறை!’ என்று அரசாங்க உத்தரவு போட்ட மாதிரி இருக்கும். ‘குராங்கின் டோங், பூ’ என்று மாற்றுங்கள். ‘பூ’ என்றால் அங்கே ‘அம்மா’. ‘கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதாம்மா’ என்று கெஞ்சலும் உரிமையுமாக வரும். ஆனால் அந்த ‘டோங்’கைப் போலீஸ்காரரிடமோ முதலாளியிடமோ போட வேண்டாம் என்று கீழே ஒரு குறிப்பும் சேர்க்கவும். அடுத்த இதழில் இடமில்லை என்றால் ராசிபலன் பக்கத்தில் கன்னி ராசிக்குக் கீழே இரண்டு வரி எடுத்துக்கொள்ளலாம், நான் கன்னி ராசிதான், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
உடுமலைப்பேட்டை.