வண்டியில் நான்காவது ஆள்

மாநகர மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வரவு செலவுத் திட்டத்தில் தீயணைப்புத் துறையின் பக்கம் வரும்போது, எத்தனை நிலையம், எத்தனை வண்டி என்று பார்த்துவிட்டுப் புரட்டிவிடாதீர்கள். அதிகாரிகளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நேற்று இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை பேர் இருந்தார்கள்?

அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். அது கோப்பில் இருக்கிற எண். நிரப்பாத இடம், மருத்துவ விடுப்பில் இருப்பவர், பயிற்சிக்குப் போனவர், பக்கத்து நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர் எல்லாம் போக மிஞ்சுகிறவர்கள்தான் மணி அடித்ததும் வண்டியில் ஏறுவார்கள். பல நேரம் அது மூன்று பேர்.

மூன்று பேர் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தீப்பிடித்த வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரே பம்பையும் இயக்குகிறார். ஹோஸில் தண்ணீர் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர். அங்கிருந்து நகர முடியாது. மீதி இருவர். புகைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பதால் இருவருமே சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். உள்ளே போனவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இழுத்து வர வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு விதி. இங்கே வெளியே இருப்பவர் பம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர் மட்டும். ஏணி சாத்த ஆளில்லை. மாடியில் தேட ஆளில்லை. உள்ளே குழந்தை இருக்கிறது என்று தாய் கதறும்போது எந்த அதிகாரியும் இரண்டாவது வண்டிக்காகக் காத்திருக்க மாட்டார். அந்த விதியே உயிர் மீட்புக்கு விலக்கு தருகிறது. துணிந்து உள்ளே போனவரை அப்புறம் பாராட்டுவோம், மாலை போடுவோம். அவரை அந்த நிலைமையில் கொண்டுபோய் நிறுத்தியது பட்ஜெட் என்பதை மட்டும் யாரும் பேச மாட்டோம்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய தரநிலை நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாதாரண இரண்டு மாடி வீட்டில் தீயணைப்புக்குத் தேவையான 22 வேலைகளை வெவ்வேறு அளவுள்ள குழுக்களைச் செய்ய வைத்தார்கள். வண்டிக்கு நான்கு பேர் என்று வந்தவர்கள், மூன்று பேராக வந்தவர்களைவிட ஏறத்தாழ 5 நிமிடமும், இரண்டு பேராக வந்தவர்களைவிட 7 நிமிடமும் முன்னதாக எல்லா வேலையையும் முடித்தார்கள். ஐந்து நிமிடம் பெரிதா? பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூ.எல். நிறுவனம் நடத்திய சோதனைகளில், நுரைமெத்தையும் செயற்கை இழையும் நிறைந்த இன்றைய வரவேற்பறை ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுக்கப் பற்றிக்கொண்டது. பழைய பாணி மர, பருத்திப் பொருள்கள் இருந்த அறைக்கு அந்த நிலை வர அரைமணி நேரம் நெருங்கிவிட்டது. நம் வீடுகள் மாறிவிட்டன. ஆள் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

நிதிக்குழுவில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சலித்துக்கொள்வார்கள்: “ஒரு ஆள்தானே கேட்கிறார்கள், போட்டுவிட்டால் போயிற்று.” ஒரு ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 42 மணி நேரம் வேலை செய்தால், ஓர் இருக்கை காலியாகாமல் இருக்கவே நான்கு பேர் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். நான்கு இருக்கை உள்ள ஒரே ஒரு வண்டிக்கு 20 பேர். இந்தக் கணக்கைப் போடாமல் புதிய நிலையம் திறந்தால், பழைய நிலையங்களிலிருந்து ஆளைப் பிடுங்கித்தான் அங்கே உட்கார வைக்க முடியும். அதுவும் முடியாமல் போனால், இன்று இந்த நிலையத்தில், நாளை அந்த நிலையத்தில் என்று முறைவைத்து வண்டியை நிறுத்தி வைப்பார்கள். எந்த நாள் எந்தப் பகுதிக்கு வண்டி இல்லை என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரியாது.

ஓவர்டைம் கொடுத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கலாம். அவசரத்துக்கு அது மலிவும்கூட. ஆனால் தொடர்ந்து 24 மணி நேரம் கண்விழித்தவரை இன்னொரு ஷிப்டுக்கும் நிறுத்தி, தூக்கக் கலக்கத்தில் கனரக வண்டியைப் போக்குவரத்துக்குள் ஓட்டச் சொல்வது சிக்கனம் ஆகாது. தீயணைப்பு வேலையே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-இல் வகைப்படுத்திவிட்டது. ஆள் குறைந்தால், இருப்பவர் ஒவ்வொருவரும் கூடுதலான புகைக்குள் போகிறார் என்று பொருள்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஊர் வளர்வதால் வரும் பணம் இரண்டு வகை. கட்டட அனுமதிக் கட்டணமும் மேம்பாட்டுக் கட்டணமும் ஒருமுறை வருபவை. அதில் கட்டடம் கட்டலாம், வண்டி வாங்கலாம். சம்பளம் மாதாமாதம் போவது. அது சொத்து வரி போன்ற நிலையான வருவாயிலிருந்துதான் வர வேண்டும். ஒருமுறை வந்த பணத்தில் நிலையத்தைக் கட்டி, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு, ஆள் சேர்ப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது பழகிப்போன பாதை. இத்தனைக்கும் ஒருவர் ஓய்வுபெறும் தேதி, அவர் பணியில் சேர்ந்த அன்றே தெரியும். புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்ற மாதக்கணக்கில் ஆகும் என்பதும் தெரியும். பிறகும் ஒவ்வொரு ஆண்டும் காலியிடம் திடீரென்று முளைத்ததுபோலப் பேசுகிறோம்.

உயரமான ஏணி வண்டி கேட்டு நான் எழுதவில்லை. அது இருக்கட்டும், ஆனால் இந்தத் துறைக்கு வரும் அழைப்பு தீக்கு மட்டுமல்ல; பத்தொன்பதாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு அதனால் பயனில்லை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியோ இதயத்தை மீண்டும் இயங்க வைக்கும் மின் அதிர்ச்சியோ கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. துறையின் கடிகாரமோ வண்டி வளாக வாசலைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. காவலாளி கதவைத் திறந்து, லிப்டைப் பிடித்து, நோயாளியின் அருகே போய்ச் சேரும் நிமிடங்கள் எந்த அறிக்கையிலும் இல்லை.

ஆகவே, கூட்டத்துக்கு முன் மூன்று தகவல்களை மன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடந்த ஆண்டு ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு வண்டியிலும் இருந்த ஆட்கள் எத்தனை? பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள்? சராசரி வேண்டாம், அது ஊருக்கு வெளியே இருப்பவரின் காத்திருப்பை மறைத்துவிடும். அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஓய்வுபெறுவோர் எத்தனை பேர், அவர்களுக்குப் பதில் ஆள் சேர்க்கும் தேதி எது?

அதோடு, இனி ஆயிரம் வீட்டுத் திட்டம் ஒன்றுக்கு அனுமதி கேட்டு வந்தால், தண்ணீரும் சாலையும் கேட்பதுபோல, அந்த வாசலுக்கு எந்த நிலையத்து வண்டி எத்தனை பேரோடு வரும் என்பதையும் அனுமதிக் கோப்பிலேயே எழுதி வாங்குங்கள். விவாதத்தன்று பார்வையாளர் வரிசையில் இருப்பேன்.

இப்படிக்கு,
வரி கட்டும் குடிமகன் ஒருவன்