மெட்ராஸ் ஐக்கு சானிடைசர் போதாது

ஆசிரியருக்கு,

மெட்ராஸ் ஐ பரவத் தொடங்கினால் எல்லாரும் சானிடைசர் பாட்டிலைத் தேடுகிறார்கள். கொரோனாக் காலத்துப் பழக்கம்! ஆனால் இரண்டு வைரஸ்களின் உடற்கட்டும் ஒன்றல்ல.

கொரோனா வைரஸின் மேல் கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் பட்டதும் அது சிதையும். உறையில் செருகியிருக்கும் முட்களும் பயனற்றுப்போகும். மெட்ராஸ் ஐக்குப் பெரும்பாலும் காரணமான அடினோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. சுமார் 90 நானோமீட்டர் அகலத்தில் 20 முகங்கள் கொண்ட புரதக் கூடு, அதன் 12 முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள், உள்ளே டி.என்.ஏ. கரைக்கக் கொழுப்பு இல்லாததால் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. துண்டிலும் கதவுக் கைப்பிடியிலும் காய்ந்த நிலையிலேயே பல நாள் தாக்குப்பிடிக்கும். சோப்பு இதைக் கொல்வதைவிட, தோலிலிருந்து கழற்றி நீரோடு அனுப்பும் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே 20 விநாடி தேய்த்து, ஓடும் நீரில் அலச வேண்டும். வாளியில் முக்கி எடுத்தால் போதாது.

கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தும் வீண். அது பாக்டீரியாவின் உறுப்புகளைத் தாக்குவது. வைரஸ்களை மரபுப்பொருளை வைத்துப் பிரிக்கும் பால்டிமோர் வகைப்பாட்டில் முதல் குழுவான இரட்டை இழை டி.என்.ஏ. வைரஸ்களைச் சேர்ந்த அடினோவைரஸோ, தன் டி.என்.ஏ.வை நம் செல்லின் உட்கருவுக்குள் செலுத்தி, நம் ரைபோசோம்களைக் கொண்டே புரதம் செய்துகொள்கிறது. மருந்து தாக்க அதனிடம் சொந்தப் பட்டறை ஏது? ஸ்டீராய்டு சொட்டு இன்னும் மோசம்: சிவப்பு குறையும், வைரஸ் வெளியேறும் நாட்கள் நீளும்.

கைப்பிடிகளைத் துடைக்க, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. 10 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும்.

– வாசகர், மதுரை