காப்பிப் பூ பூத்துவிட்டது

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, ஆயா, அக்கா வீட்டில் எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். போனில் பேசினால் "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். பேனா பிடித்து வருடக்கணக்காகிவிட்டது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

போன வாரம் மலையில் நல்ல மழை. காப்பிப் பூ பூத்துவிட்டது. மாமாவைப் பார்க்க ஏற்காடு போயிருந்தேன். இருபது வளைவும் ஏறி முடிப்பதற்குள்ளேயே பஸ்ஸுக்குள் மல்லிகை போல வாசம் வந்துவிட்டது. நான்கு நாளில் கருகிவிடுகிற பூ. போன வருடம் இதை யூடியூபுக்கு வீடியோ எடுக்க நீ விடியற்காலை மூன்று மணிக்கே மாமாவை எழுப்பி, டார்ச் லைட் பிடிக்க வைத்தாய். "இந்த வருடம் தம்பி வரவில்லையா?" என்று மாமா கேட்டார். வேலை இருக்கும் என்றேன். உனக்கு வேலை இருந்திருக்கும். சும்மா சொன்னேன்.

நீ கடைசியாகப் போட்டது மிளகு பறிக்கிற வீடியோ. அதற்குப் பிறகு பதினொரு வாரம் ஆகிறது. நான் எண்ணவில்லை, உன் அம்மாதான் எண்ணுகிறாள்.

அந்த மிளகு வீடியோவில், ஏணியில் நிற்கிற பெரியவர் சில்வர் ஓக் மரத்தைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், அந்த நேரம் பார்த்துக் கழிவறை கழுவுகிற மருந்து விளம்பரம் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லி, விளம்பரம் வராத யூடியூப் சந்தாவைக் கட்டிவிட்டேன். மாதம் 149 ரூபாய். 2019இல் நம் நாட்டுக்கு வந்தபோது 129 ஆக இருந்ததை 2024 ஆகஸ்டில் ஏற்றினார்களாம். போகட்டும், தினம் ஒரு டீ குறைத்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் டீக்கடையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். கடைக்காரர் கேட்டார்: "விளம்பரம் ஓடினால்தானே அண்ணா உங்கள் பையனுக்குக் காசு? நீங்களே அதை நிறுத்திவிட்டீர்களா?" அன்று இரவு தூக்கம் இல்லை. பெற்ற பிள்ளையின் கூலியைப் பிடுங்க மாதம் 149 ரூபாய் கட்டுகிற அப்பன் என்று நினைத்துக்கொண்டு, காலையில் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னேன்.

உன் அக்கா சிரித்தாள். பிறகு உட்கார வைத்து விளக்கினாள். விளம்பரக் காசில் நூற்றுக்கு 55 வீடியோ போட்டவருக்காம். சந்தாக் காசிலும் அதே 55 பங்கைத் தனியே எடுத்து வைத்து, கட்டியவர்கள் யாருடைய வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ அதற்குத் தகுந்தபடி பிரிக்கிறார்களாம். நறுக்கு நறுக்காக வருகிற ஷார்ட்ஸுக்குத்தான் 45. கொலுசுக்கு வியாபாரி தருகிற கூலியையும், சேதாரம் என்று அதிலும் பிடிக்கிற பிடித்தத்தையும் நாற்பது வருடம் பார்த்தவனுக்கு 55 என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வியாபாரி கண்ணெதிரே எடை போடுவான். உன் தராசு எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

மறுபடி சந்தா கட்டியாகிவிட்டது. உலகம் முழுக்க இப்படிக் கட்டுகிறவர்கள் 2024 தொடக்கத்தில் பத்துக் கோடி, 2025 மார்ச்சில் பன்னிரண்டரைக் கோடி என்று மாப்பிள்ளை சொன்னார். அதிலும் இலவசமாகக் கொஞ்ச நாள் பார்க்கிறவர்களையும் சேர்த்துத்தானாம். நம் தெருவில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஐந்து நொடி பொறுத்தால் இலவசம் என்னும்போது யார் கட்டுவார்கள்? அதனால் உன் வரும்படி இன்னமும் அந்தக் கழிவறை மருந்தைத்தான் நம்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதைத் திட்டியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒன்று யோசித்தேன். விளம்பரம் எத்தனை ஓடியது என்பது ஒரு கணக்கு. சந்தாக்காரர் எத்தனை நேரம் உன்னோடு இருந்தார் என்பது வேறு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கு உன்னைப் போல நிதானமாகச் சொல்கிறவனுக்கு வாய்ப்பானது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் மலைக்குக் காப்பி கொண்டுவந்த கதையை நீ நாற்பது நிமிடம் சொன்னாயே, அதைத் திரையை அணைத்துவிட்டுப் பாட்டுப் போலக் கேட்கலாம், சந்தா இருந்தால் நிற்காமல் ஓடுகிறது. ஆயா அப்படித்தான் கேட்டாள். ஆகவே விடாதே. மாதம் ஒன்றாவது போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

சீட்டாட்ட ஆப்காரன் பணத்தோடு வந்தபோது மாட்டேன் என்றாயே, அதைப் பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன். அப்படிப்பட்டவன் அந்தத் தலைமுடி எண்ணெயை ஏன் கையில் பிடித்தாய்? சந்தா கட்டினால் மற்ற விளம்பரமெல்லாம் போய்விடுகிறது, நீ உன் வாயால் சொல்கிறது மட்டும் போவதில்லை. 149 ரூபாய் கட்டிவிட்டு, என் மகன் எண்ணெய் விற்பதைப் பார்க்கிறேன். உனக்கு முன்னந்தலை ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

கேமராவை விற்ற பிறகு வேறு வழி இல்லாமல்தான் செய்திருப்பாய். தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். நேரத்துக்குத்தானே காசு என்று, இரவெல்லாம் உன் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் படுத்தேன். ஒன்பது இரவு. அக்கா கண்டுபிடித்துச் சத்தம் போட்டாள். ஆள் பார்க்காமல் வெறுமனே ஓட்டுவது கள்ளக் கணக்கில் சேரும், தம்பிக்குத்தான் கெடுதல் வரும் என்றாள். உடனே நிறுத்திவிட்டேன். அதனால் ஏதாவது ஆகி, அதைச் சொல்ல மனமில்லாமல் நீ பேசாமல் இருக்கிறாயோ என்று முதலில் பயந்தேன். பிறகு தேதியைப் பார்த்தேன். நான் ஓடவிட்டது மாசி கடைசியில். நீ நிறுத்தியது அதற்கு முன்பே, பொங்கலுக்கு வந்துபோன கொஞ்ச நாளில்.

மாட்டுப் பொங்கலன்று நீ வீட்டுப் பத்திரத்தின் நகலைத் தேடிப் பீரோவைத் திறந்தாய். நான் மாட்டுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தபோது அம்மாவின் கூறைப்புடவை மடிப்பு மாறியிருந்தது.

தம்பி, அந்தப் புடவைக்கு அடியில் இருந்ததை நீ பார்த்தாயா?

பார்த்தாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு நீ கம்பெனி வேலையை விட்ட புதிதில், "கூகுளில் இருந்து ஒரு தபால் வரும், ஆறு இலக்க எண் இருக்கும், அதைப் போட்டால்தான் யூடியூப் காசு வரும், வந்ததும் சொல்லுங்கள்" என்றாய். ஆதாரில் சேலம் முகவரி இருந்ததால் அது இங்கேதான் வரும் என்றாய். ஒரு மாதம் கழித்து வந்தது. சின்ன வெள்ளை அட்டையாக, ஓரத்தைக் கிழித்துத் திறக்கிற மாதிரி. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். நீ போனில் கேட்டாய். வரவில்லை என்றேன். மறுபடி அனுப்பச் சொன்னாய். அதுவும் வந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்று முறையும் வரவில்லை என்றேன். நம் தெருவில் தபால் ஒழுங்காக வருவதில்லை என்று தபால்காரர் மேல் பழியும் போட்டேன்.

அந்த வாரம் ஆத்தூரில் இருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பையன் கம்பெனியில்தான் இருக்கிறான் என்று சொல்லியிருந்தேன். காசு வர ஆரம்பித்தால் நீ திரும்ப மாட்டாய், வராவிட்டால் இரண்டு மாதத்தில் சலித்துப்போய்க் கம்பெனிக்கே போய்விடுவாய் என்று நினைத்தேன். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் போடாவிட்டால் விளம்பரமே நின்றுபோகும் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது கை நிற்கிறது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அதையேதான் செய்திருப்பேன்.

விளம்பரம் நின்ற அந்த நாட்களில்தான் நீ கேமராவை விற்றாய். அடையாள அட்டையைக் காட்டி வேறு வழியில் நீயே அதைச் சரிசெய்துகொண்டாய் என்று போன மாதம் அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளுக்கும் மற்றது தெரியாது.

வெள்ளி விலை ஏறியதில் பட்டறையில் வேலை குறைவு. ஆனாலும் உன் பெயரில் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன். பழைய கேமராவின் விலை இருக்காது, பாதி இருக்கும்.

மாமா தோட்டத்தில் மேல் பக்கம் இன்னும் பூக்கவில்லை. அடுத்த மழைக்கு அது பூக்கும் என்கிறார்.

மூன்று அட்டைகளையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். ஒன்றையும் கிழிக்கவில்லை. அந்த எண்கள் இனி செல்லாதாம். இருந்தாலும் உன் பெயருக்கு வந்த தபால்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அட்டை விஷயம் அவளுக்குத் தெரியாது. தபால்காரரைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.