ஒரு டியூப் சிலிக்கானை நம்பிக் கூரையைத் துளைக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் கூரையில் சோலார் பேனல் அமைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எத்தனை கிலோவாட் தேவை, எந்தத் திசை நல்லது, இன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லியிருந்தது. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் ஒரே வரி: போல்ட் அடித்த துளைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிட வேண்டுமாம். பேனல் மாட்டிய வீடுகள் பல ஒழுகத் தொடங்குவதே இந்த ஒரு வரியை நம்பித்தான்.

போல்ட்டைச் சுற்றிப் பூசிய சிலிக்கான் மேலே தெரிகிற இடைவெளியை மட்டும்தான் மூடுகிறது. பேனலைத் தாங்கும் ரெயிலோ பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. 10 மீட்டர் அலுமினிய ரெயில், வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் கூடினால் 9 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே நீளும். ரெயிலை இடையில் துண்டாக்கி இடைவெளி விடாவிட்டால் அந்த இழுப்பெல்லாம் போல்ட்டின் மேல்தான் விழும். காற்று வேறு அதை மேலே தூக்கிக்கொண்டே இருக்கிறது. நாளடைவில் சிலிக்கானுக்கும் தளத்துக்கும் நடுவே முடி அளவு விரிசல் விழுகிறது. தண்ணீருக்கு அது போதும். இறங்கிய தண்ணீர் நேர் கீழே சொட்டுவதும் இல்லை. தட்டோட்டுக்கு அடியில் உள்ள கலவையில் ஊறி, வாட்டம் போகிற பக்கம் நகர்ந்து, வேறொரு அறையின் மேல்தளத்தில் கறையாகத் தெரியும். கறைக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

சிலிக்கானிலேயே இரண்டு வகை உண்டு. டியூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அதைக் கூரைக்கு எடுத்துப்போக வேண்டாம். அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டு இறுகும் வகை அது. உலோக ஷீட்டின் துத்தநாகப் பூச்சை அரிக்கும், காங்கிரீட்டிலும் சரியாகப் பிடிக்காது. அந்த அமிலத்தை வெளியிடாத நியூட்ரல் வகைச் சிலிக்கானோ பாலியூரித்தேன் சீலன்ட்டோ பரவாயில்லை. ஆனால் எந்தச் சிலிக்கானாக இருந்தாலும் ஒரு தொல்லை பாக்கி: பின்னால் அடிக்கிற வாட்டர் புரூஃபிங் பூச்சு அதன் மேல் ஒட்டவே ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர்தான். அடுத்த முறை தளத்துக்குப் பூச்சு அடிப்பவர் ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றிச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

காங்கிரீட் தளம் என்றால் முதல் யோசனை, துளைக்காமலே முடியுமா என்பதாக இருக்கட்டும். காங்கிரீட் கட்டைகளின் எடையாலேயே பேனலைத் தாங்கும் சட்டத்தைப் பிடித்து நிறுத்தலாம். 300 மி.மீ. கனசதுரக் கட்டை ஒன்று ஏறத்தாழ 65 கிலோ இருக்கும். எத்தனை கட்டை வேண்டும், தளம் அதைத் தாங்குமா என்பதைக் காற்றின் வேகம், கட்டிட உயரம், பேனலின் சாய்வு ஆகியவற்றை வைத்துக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்; கண்ணளவில் முடிவு செய்கிற விஷயம் இல்லை. எடையை மட்டும் நம்பும் கட்டையென்றால் அடியில் ரப்பர் பாய் விரித்து வைத்தால் போதும். தளத்தோடு பிணைத்து வார்க்கிற கட்டையென்றால் வேலை வேறு. தட்டோட்டின் மேலேயே வார்த்தால் கட்டை தட்டோட்டைத்தான் பிடிக்கும், தளத்தைப் பிடிக்காது. பெருங்காற்றில் ஓடும் சேர்ந்து பெயரும். அந்த இடத்தில் தட்டோட்டையும் கலவையையும் வெட்டி எடுத்து, காங்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பிணைப்புக் கரைசல் தடவி வார்க்க வேண்டும். கட்டை இறுகிக் காய்ந்த பிறகு அடிமூலையில் சாய்வாகக் கலவை வைத்து, வலைத்துணி பதித்த பூச்சைத் தளத்திலிருந்து கட்டையின் மேல் 150 மி.மீ. உயரம்வரை ஏற்ற வேண்டும். வெட்டிய இடத்தைச் சுற்றியுள்ள பழைய பூச்சின் மேலும் 100 மி.மீ.யாவது படிய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தண்ணீர் ஓடும் பாதையில் கட்டை உட்காராதபடி இடம் குறிக்க வேண்டும். வாட்டத்துக்குக் குறுக்கே வரிசையாகக் கட்டைகளை நெருக்கி வைத்தால் அது குட்டி அணைதான்.

துளைத்தே ஆகவேண்டுமென்றால் துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டைவிட, பசையால் ஒட்டிப் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் மேல். விரியும் வகையில் போல்ட்டைச் சுற்றி வெற்றிடம் நிற்கும், தண்ணீர் அதன் வழியே காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிவரை போகும். துரு பிடித்த கம்பி பருத்து, கீழே காங்கிரீட்டைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். 12 மி.மீ. போல்ட்டுக்கு 14 மி.மீ. துளை. ஆழத்தில்தான் கவனம் வேண்டும். இந்தப் போல்ட்டுக்கு 110 மி.மீ. ஆழம் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வீட்டுத் தளமே 100 மி.மீ.தான் என்றால் ட்ரில் அறைக்குள் வந்துவிடும். துளைக்குக் கீழே 30 மி.மீ. காங்கிரீட்டாவது மிஞ்ச வேண்டும். அதற்குமேல் போனால் சுத்தியல் ட்ரில்லின் அதிர்ச்சியில் அடிப்பக்கம் புனல் வடிவில் பெயர்ந்து விழும். ட்ரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்வது ஒரு நிமிட வேலை. குறைந்த ஆழத்தில் பிடிப்பும் குறையும் என்பதால் போல்ட்டின் அளவையும் எண்ணிக்கையையும் பொறியாளர் மறுபடி பார்க்க வேண்டும்.

துளைத்ததும் பசையை அடைக்கக் கூடாது. அடியிலிருந்து காற்றடித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி காற்றடிக்க வேண்டும். எத்தனை முறை என்பது பசை டியூபிலேயே எழுதியிருக்கும். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், காங்கிரீட்டைப் பிடிக்காது. டியூபின் மூக்கைத் துளையின் அடிவரை விட்டு மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, போல்ட்டைத் திருகிக்கொண்டே இறக்கினால் வாய்ப்பக்கம் கொஞ்சம் பசை பிதுங்கி வரும். அந்தப் பிதுங்கல் வந்தால்தான் உள்ளே வெற்றிடம் இல்லை என்று அர்த்தம். பசை இறுகும்வரை நட்டை முறுக்கக் கூடாது. தாங்கும் தகட்டைச் சுருங்காத கலவையால் சிறு மேடு கட்டி அதன் மேல் வைத்து, மேடு முழுவதையும் பூச்சுக்குள் கொண்டுவந்தால் போல்ட்டடியில் தண்ணீர் தேங்காது.

உலோக ஷீட் கூரையில் ஸ்குரூ மேட்டில்தான் இறங்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர் வாஷர் உலோகத் தொப்பியின் விளிம்பில் லேசாகப் பிதுங்கித் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். வாஷர் அசைந்தால் முறுக்கு போதவில்லை. ரப்பர் வெளியே மடிந்து ஷீட் குழிந்தால் முறுக்கு அதிகம். இரண்டும் ஒழுகும். துளைத்தபோது தெறித்த இரும்புத் துகள்களை அன்றைக்கே பெருக்காவிட்டால் அடுத்த மழையில் துருப்புள்ளி வைத்து அந்த இடத்திலேயே ஷீட்டை அரிக்கத் தொடங்கும். மூட்டுகள் நிமிர்ந்து நிற்கும் ஷீட்டென்றால் துளையே வேண்டாம், கிளாம்ப் போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் பேனல் மாட்டுவதே தப்பு: மிதித்தால் உடையும், துளைத்தால் இழைத்தூசி நுரையீரலுக்குப் போகும்.

ஓட்டுக் கூரையில் ரெயிலைத் தாங்கும் கொக்கி ஓட்டுக்கு அடியில் போய்க் கைமரத்தில் திருகப்பட வேண்டும், ஓடு உட்காரும் மெல்லிய ரீப்பரில் அல்ல. கொக்கியின் கை வெளியே வருகிற இடத்தில் மேலோட்டின் அடிப்பக்கத்தைக் கிரைண்டரால் சற்றுத் தேய்த்தால்தான் ஓடு பழையபடி படியும். தேய்க்காவிட்டால் தூக்கிக்கொண்டு நிற்கும், சாய்ந்தடிக்கும் மழை அந்தச் சந்தில் நுழையும். கை கீழோட்டைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். இல்லாவிட்டால் காற்று அழுத்துகையில் கை முட்டி ஓடு விரிசல் விடும்.

போல்ட்டையெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு ஒயர் போகும் ஓட்டையைக் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. தளத்தில் ஓட்டை போடாமல் சுவர் வழியாகக் கொண்டுவருவதே நல்லது. ஓட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஒயர் உள்ளே நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். குழாயின் வாய் வானத்தைப் பார்த்தால் மழைநீர் நேராக இன்வெர்ட்டருக்குத்தான் போகும்.

தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனையை வேலைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும். காங்கிரீட் தளத்தில் நீர்போக்கியை அடைத்து 25 மி.மீ. தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்தினால் போதும். ஆசைக்கு உயரத்தைக் கூட்டக் கூடாது: 50 மி.மீ. என்றால் 100 சதுர மீட்டர் தளத்தில் 5 டன். முன்பே பார்த்திருந்தால், பிறகு வரும் கசிவு பழசா புதுசா என்ற சண்டை இருக்காது. பேனல் மூடுவதற்கு முன் ஒவ்வொரு துளையையும் கட்டையையும் படமெடுத்து, மூலையிலிருந்து அளவு குறித்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாம். பேனல் 25 ஆண்டு இருக்கும், அடியிலுள்ள பூச்சு அவ்வளவு நாள் வராது. தூரிகையோடு ஆள் குனிந்து போகிற உயரம் சட்டத்துக்கு இருந்தால், மறுபூச்சுக்காகப் பேனலைக் கழற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கூரை நீர்த்தடுப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்