பட்டனை அமுக்குவதற்கு முன்னால்

அன்புள்ள செல்வி,

உன் மெயில் பார்த்தேன். அப்பாவின் இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது.

"எக்ஸ்ரே பட்டனை அமுக்க எதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு?" என்று உன் தம்பி கேட்டானாமே. அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இங்கே ஹூஸ்டனில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புக்கான கம்யூனிட்டி காலேஜ் வகுப்பில், பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க வந்தவர்கள் என்னோடு நிறையப் பேர். உடற்கூறியல், கணக்கு எல்லாம் முதலில் தேறினால்தான் இடம் கேட்கவே முடியும். அப்புறம் வகுப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் மாறி மாறி. கடைசியில் எக்ஸ்ரே டெக்னீஷியன்களுக்குச் சான்றிதழ் தரும் ஏ.ஆர்.ஆர்.டி. தேர்வு, 2015 முதல் அதை எழுத அசோசியேட் டிகிரி என்னும் இரண்டு வருஷப் பட்டமாவது வேண்டும்.

பட்டன் அமுக்கும் நேரம் ஒரு நொடிகூட இல்லை, செல்வி. ஆளை நிறுத்துவதில்தான் வேலையே இருக்கிறது. நெஞ்சுப் படம் என்றால் முதுகு, கதிர் வரும் குழாயைப் பார்த்து இருக்க வேண்டும், தூரம் 6 அடி. இதயம் முன்பக்கம் இருப்பதால் நெஞ்சு, படம் பதியும் பலகையில் பட்டால்தான் அதன் நிழல் பெரிதாகாது. தோள்களை முன்னால் உருட்டச் சொல்வோம். இல்லையென்றால் தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் விழுந்துவிடும். அப்பாவுக்கு இடுப்புப் படம் எடுத்தபோது நல்ல காலைத் தூக்கி வைத்து, பக்கவாட்டிலிருந்து கதிரை விட்டிருப்பார்கள். முறிந்த காலைத் திருப்பக் கூடாது என்பதற்காகத்தான் அது. வலியில் துடிக்கிறவரிடம் அதை முதல் தடவையிலேயே சரியாக எடுக்க வேண்டும். திரும்ப எடுத்தால் அவருக்கு இன்னொரு முறை கதிர், இன்னொரு முறை வலி.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஈயக் கவசம். இனப்பெருக்க உறுப்புகளில் கதிர் படாமல் இருக்க அடிவயிற்றில் அதை வைத்துவிட்டுப் படம் எடுப்பது எத்தனையோ காலத்து வழக்கம். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அதை வழக்கமாக வைக்க வேண்டாம் என்று அறிவித்தது. கதிரின் அளவு பழைய காலத்தைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. கதிரால் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குப் போகும் பரம்பரைப் பாதிப்பும் மனிதர்களிடம் காணப்படவில்லை. கவசம் கொஞ்சம் நகர்ந்தால் பார்க்க வேண்டிய இடமே மறைந்துவிடும். கதிரைத் தானாக அளந்து நிறுத்தும் சென்சாரை ஈயம் மறைத்தால், கருவி போதவில்லை என்று எண்ணி இன்னும் அதிகமாக அனுப்பும். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "ஏன் போடவில்லை?" என்று பதறுகிறாள். அவளுக்கு நின்று நிதானமாகச் சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வரிசை நீளமாக இருந்தாலும் சரி.

கதிரைப் பற்றிய கவனம் சும்மா வந்ததில்லை. எடிசனிடம் எக்ஸ்ரே வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, கைகளை இழந்து, 1904இல் புற்றுநோயால் இறந்தார். ரான்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்து ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. கழுத்தருகே கதிர் அளக்கும் பேட்ஜை மாட்டும்போது அவர் நினைவு வரும்.

தீபா ப்ளஸ் டூ முடித்ததும் இதைப் படிக்கலாமா என்று கேட்டிருந்தாய். இயற்பியல் பிடிக்குமா, முன்பின் தெரியாத ஒருவரை வலிக்காமல் தொட்டுத் திருப்பத் தயக்கம் இல்லையா என்று மட்டும் அவளிடம் கேள். ரெண்டுக்கும் ஆமாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு போன் பண்ணச் சொல். இங்கே அப்போது காலை, வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
வாசுகி